வெறுங்கால் குறிப்பு

பேராசிரியர்னு கூப்பிடாதீங்கம்மா. கோவம் இல்ல. தப்பு, அதனால சொல்றேன். நான் ஒரு நாளும் பேராசிரியரா இருந்ததில்ல. காலேஜ்ல மணிக்கணக்குக்கு வந்து பாடம் எடுத்துட்டுப் போற ஆளு, பத்தொன்பது வருஷம். அப்புறம் வர வேண்டாம்னுட்டாங்க. ஷூட்டிங்லதான் எல்லாரும் பேராசிரியர்னு கூப்பிடுவாங்க, காபி கொண்டுவர்ற பொண்ணுலேர்ந்து டைரக்டர் வரைக்கும். அங்க நடக்குற முதல் சரித்திரப் பிழை நான்தான்னு வச்சுக்குங்களேன். என் பேரு பியோ மன்ஹோ. சார்னு சொன்னாப் போதும்.

உக்காருங்க, இந்தப் பக்கம், அடுப்புகிட்ட. இன்ச்சான்லேர்ந்து மூணு மணி நேரம் பஸ்ல வந்திருக்கீங்க. எங்க ஜெச்சான் குளிரு வேற மாதிரி, எலும்பத் தேடி வரும். திரும்பிப் போற பஸ்ஸு நாலரைக்குத்தான். ஸ்டாண்டு எதிர்த்தாப்லயே இருக்கு, இங்கேர்ந்தே தெரியும்.

அக்கா, பயறு முளை சூப்பு ரெண்டு. முட்டைய உடைச்சு ஊத்திடுங்க. சோஜு சாராயம் ஒரு குப்பி. மத்தியானமா இருந்தா என்ன, குப்பிக்கு மணி பாக்கத் தெரியுமா? ஆமா, விருந்தாளி. சொந்தம் இல்ல. அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல, போய் சூப்பப் பாருங்க அக்கா.

மன்னிச்சுக்குங்க. நான் வேலை பாத்த சீரியல் ஒண்ணு விடாமப் பாக்குற மனுஷி. ஒரு தடவ கூட கடைசில ஓடுற எழுத்துல என் பேரப் பாத்ததில்லையாம், நான் பொய் சொல்றேன்னு இருபது வருஷமா சொல்லிட்டிருக்காங்க. பாக்க முடியாது. கண் சிமிட்டுறதுக்குள்ள ஓடிடும்.

உங்கப்பா பேரு யோம் துஷிக். தெரியும்மா. அறுபத்திமூணு வயசு. நீங்க மூத்த பொண்ணு. ஒரே பொண்ணா? சரி, தப்பா நெனச்சுட்டேன்.

சீரியல் கம்பெனி போட்ட அந்தக் கடுதாசியக் குடுங்க. இருங்க, கண்ணாடி. ம். ஆழ்ந்த அனுதாபம், இது எல்லாருக்கும் போடுறது. அப்புறம், ஆத்துக் காட்சில கைதிங்கள வெறுங்காலோட நடக்க வச்சது கம்பெனியோட முடிவு இல்ல, சரித்திர ஆலோசகர், அது நான்தான், எழுத்துல குடுத்த குறிப்பு, பழைய ஆவணத்துல இருக்கிறபடியே எடுத்தோம். சரி. அடுத்தது, அறுபது வயசத் தாண்டினவங்க பஞ்சு வச்ச துணிக் காலுறையக் கழட்ட வேண்டாம்னு ஆள் கூட்டிட்டு வர்ற மேஸ்திரி சொல்லியும் உங்கப்பா தன் விருப்பத்துல கழட்டினாரு. தன் விருப்பத்துலங்கிறதுக்குக் கீழ கோடு போட்டது அவங்களா, நீங்களா? நீங்களா. சரி.

ஆக, கேள்வி ரெண்டு. உங்கப்பா தானாக் கழட்டினாரா. ரெண்டாவது, அந்த ஆவணம் எங்க, அந்தப் பக்கத்தக் காட்டுங்க. வியாழக்கிழமை லேபர் ஆபீஸ்ல விசாரணை, அதுக்கு முன்னாடி நீங்க கண்ணால பாக்கணும். எதுக்காக எங்கப்பா ஐஸ் மேல வெறுங்காலோட நின்னாருன்னு தெரியணும். நியாயம்தான்மா. கொண்டு வந்திருக்கேன், இந்தப் பையிலதான் இருக்கு. காட்டாம எந்திரிக்க மாட்டேன். சூப்பு வந்துடுச்சு, ரெண்டு வாய் குடிங்க. நான் பேசிட்டே இருப்பேன், நீங்க சாப்பிடுங்க.

இந்த முட்டைக்கோஸ் கிம்ச்சியப் பாருங்க. நல்லா செவப்பா இருக்குல்ல. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதிக் குடுத்த முதல் குறிப்பே இதப் பத்தித்தான். கதை நடக்குறது ஐநூறு வருஷத்துக்கு முந்தி. விவசாயி வீட்டுச் சாப்பாடு. கிண்ணத்துல செவப்புக் கிம்ச்சி. மிளகாய்ங்கிறதே அப்ப நம்ம நாட்டுக்கு வரல. வந்தப்புறமும் கிம்ச்சில அதப் போட நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. வெள்ளையா இருக்கணும்னு எழுதினேன். புரொட்யூசர் படிச்சுட்டு, வெள்ளையா இருந்தா நோயாளி சாப்பாடு மாதிரி இருக்கும் பேராசிரியரே, பாக்குறவனுக்கு நாக்குல எச்சி ஊறணும்னாரு. செவப்பாத்தான் வந்துச்சு. ஒரு கிம்ச்சிதானேன்னு விட்டுட்டேன்.

அடுத்த சீரியல்ல ராஜா உசுரோட இருக்கையிலேயே மந்திரி எதிர்ல நின்னு அவரச் செத்தப்புறம் வச்ச பேரால கூப்பிடுறான். நாம ராஜாங்களுக்குச் சொல்ற பேரெல்லாம் அவங்க போனப்புறம் சாமி அறைல வைக்கிற பேரு, ஸ்கூல் பிள்ளைக்குத் தெரியும். மூச்சு விட்டுட்டு உக்காந்திருக்கிற ஆளப் பாத்துக் காலஞ்சென்றவரேன்னா எப்படி இருக்கும்? எழுதிக் குடுத்தேன். அந்தப் பேரச் சொன்னாத்தான் எந்த ராஜான்னு ஜனங்களுக்குப் புரியும்னுட்டாங்க.

ராஜா செத்தாரு. அரண்மனை முழுக்க வெள்ளை கட்டணும், ரெண்டு வருஷத்துக்கு மேல, கரடுமுரடா சணல் துணி. சீரியல்ல மூணாம் நாள் ராணி பச்சைல மஞ்சள் கரை போட்டுட்டு வர்றாங்க. கேட்டா, வாரக்கணக்குல வெள்ளையக் காட்டினா டிவி கெட்டுப்போச்சுன்னு ரிமோட்ட எடுத்துத் தட்டுவான் பேராசிரியரே.

ராஜா தண்டனையா அனுப்பின விஷத்தக் குடிக்கிற காட்சி பாத்திருப்பீங்க. கிண்ணத்த வாயில வச்சதும் ரத்தமாக் கக்கிச் சாய்வான். நெசத்துல அப்படி இல்லம்மா. சில பேருக்கு ஒரு கிண்ணம் பத்தல. குடிச்சுட்டு, சுட வச்ச அறையில உக்காந்து காத்துட்டிருந்திருக்காங்க. தண்டனை கொண்டுவந்த அதிகாரியும் வெளில காத்துட்டு நிப்பான். எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம். பிடிச்சதுன்னா, அந்தக் காத்திருக்கிறது. ரெண்டு பேரும் ஒண்ணும் பண்றதுக்கில்லாம. அதக் காட்டுங்கன்னு கெஞ்சினேன். டைரக்டர் தாக், இப்ப உங்கப்பா காட்சிய எடுத்த இதே தாக்தான், அப்ப சின்னவரு, நாலு மணி நேரம் உக்காந்து சாகுறவன எவன் பாப்பான்னாரு. அப்புறம் எல்லாரும் கேக்குற அதையும் கேட்டாரு. நீங்க அங்க இருந்தீங்களா பேராசிரியரே?

நான் இல்ல. அவரும் இல்ல. ஆனா அவருகிட்ட கேமரா இருக்கு.

சாப்பிடவே இல்லையே. காரமா? சரி, வேண்டாம்னா விடுங்க, சூப்பையாவது குடிங்க. இருங்க, சுத்தி வளைக்கல. இது தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். இருபத்தாறு வருஷத்துல நான் குடுத்த குறிப்பு ஆயிரக்கணக்குல இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரே பதில்தான், கவனத்துல எடுத்துக்கிறோம். எடுத்துக்கிட்டது ஒண்ணு. உங்கப்பா நடந்த காட்சியோடது.

இந்த சீரியல் எந்தப் போரப் பத்தினதுன்னு தெரியும்ல? நம்ம ராஜா தோத்துப்போயி, பனியில மண்டி போட்டு நெத்தியத் தரைல முட்டின போரு. அது முடிஞ்சு வடக்கத்திப் படை திரும்பிப் போறப்ப ஜனங்களக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போனாங்க. ஆயிரமாயிரமா. அவங்க கூட நடந்த ஒரு சின்னக் குமாஸ்தா, பெரிய ஆளெல்லாம் இல்ல, தினமும் ஒண்ணு ரெண்டு வரி எழுதி வச்சிருக்கான். ஒரு குடும்பத்துப் பெட்டில கெடந்துச்சு. அதப் படிச்சவங்க இந்த நாட்டுல ஏழெட்டுப் பேரு இருந்தா அதிகம். நான் ஒரு ஆளு. என் வாழ்க்கைல நான் உருப்படியாப் பண்ணின ஒரே வேலை அதப் படிச்சதுதான்.

கதை எழுதுறது பாங்னு ஒரு அம்மா. கெட்டிக்காரங்க. பதினெட்டாம் பாகத்துக்கு உக்காந்து பேசுறோம், நான், அவங்க, தாக், உதவிக்கு ரெண்டு பேரு. கைதிங்க ஆத்தக் கடக்குறாங்க. பாங் அம்மா கேக்குறாங்க, ஊர விட்டு ஓடுற ஜனங்களும் இப்படித்தானே இருப்பாங்க, இவங்க கைதிங்கன்னு பாத்ததும் தெரியணும், எப்படி? கயிறு வேண்டாம், கயிறு எல்லாப் படத்துலயும் வந்தாச்சு. நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன். தலைமுடிய எப்படி விட்டிருப்பாங்க, முதுகுல என்ன சொமப்பாங்க. அப்புறம் சொன்னேன், ஓடிப்போயிடக் கூடாதுன்னு செருப்பப் புடுங்கிட்டுத்தான் ஆத்துல எறக்கினாங்க, வெறுங்கால். தாக் திரும்பிப் பாத்தாரு. எழுதியிருக்கான்னு கேட்டாரு. எழுதியிருக்குன்னேன்.

அவ்வளவுதான். மத்த குறிப்போட அதையும் எழுதிக் குடுத்தேன். அடுத்த வாரம் ஸ்கிரிப்டு வருது, கொட்டை எழுத்துல அச்சடிச்சிருக்கு, கைதிகள் அனைவரும் வெறுங்கால், அடைப்புக்குறிக்குள்ள சரித்திர ஆதாரம் உண்டு. நான் வீட்டுல அந்தப் பக்கத்தப் போட்டோ எடுத்து வச்சேன். சிரிப்பா இருக்கும் உங்களுக்கு. சிரிப்பா இல்லையா. சரி.

அதே பாகத்துக்கு மொத்தம் நாப்பத்தோரு குறிப்பு குடுத்தேன். மீதி நாப்பதும் குப்பைக்குப் போச்சு. சிப்பாய் வச்சிருந்த வாளு தப்பு. கதாநாயகி கொண்டை தப்பு. கொடில இருந்த எழுத்து கூட தப்பு. நான் சொன்னபடி இருந்தது ஒண்ணுதான், கால்.

அன்னிக்கு நடந்ததச் சொல்றேன். கேக்குறப்ப நிறுத்தணும்னு தோணுச்சுன்னா கையக் காட்டுங்க.

காலைல எட்டு மணி. மைனஸ் பதினாலு. ஆறு கெட்டியா உறைஞ்சிருந்துச்சு, அதுக்குன்னே மூணு வாரம் காத்திருந்தாங்க. கூட்டத்துல நடிக்க வந்தவங்க, உங்கப்பாவோட சேத்து, அறுபது பேரு. கதாநாயகிக்கும் பக்கத்துல நடக்குற ரெண்டு நடிகருக்கும் தோல் நிறத்துல ரப்பர் காலுறை, உள்ள சூடு பை வச்சது. தூரத்துலேர்ந்து பாத்தா நெசக் கால்தான். அறுபது பேருக்கு அது இல்ல. ஏன் இல்லன்னு நான் கேக்கலம்மா. வியாழக்கிழமை கேப்பாங்க, அங்கயும் இதத்தான் சொல்லணும், நான் கேக்கல. துணி சரியா இருக்கான்னு பாத்துட்டிருந்தேன்.

முதல் டேக் பாதில நின்னுடுச்சு, குளிர்ல ட்ரோன் பேட்டரி செத்துப்போச்சு. ரெண்டாவது டேக் நல்லா வந்துச்சு. தாக் ஓகேன்னு சொல்லப் போறாரு, நான் கை தூக்கினேன். நடுவுல ஒரு ஆளோட சட்டைக் கைக்குள்ளேர்ந்து கடைல வாங்கின நீலக்கலர் உள்சட்டை தெரிஞ்சுது. எப்பவும் என் கையக் கண்டுக்க மாட்டாரு. அன்னிக்கு, பேராசிரியர் சொல்றாருல்ல, இன்னொண்ணு போங்கன்னாரு. மூணாவது டேக் என்னால. நாலாவது, கதாநாயகி அழுகை சரியா வரல.

ஒவ்வொரு தடவையும் அக்கரைலேர்ந்து திரும்பி நடந்து வரணும். கம்பளி குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. முப்பது கம்பளி. அறுபது பேரு.

ஐஸ் மேல மட்டும் மொத்தமா ஒரு மணி நேரம். ஒன்பதரைக்கு முடிஞ்சுது. எல்லாரும் சாப்பாட்டு வண்டிகிட்ட வரிசைல நின்னாங்க. உங்கப்பா தட்ட வாங்கிட்டு ரெண்டு அடி வச்சாரு, உக்காந்தாரு. வழுக்கிடுச்சோன்னு பக்கத்துல ஒருத்தன் சிரிச்சான். குக்னு ஒருத்தன், மேஸ்திரி, அவன் கூட, யோம் அண்ணே, ஷாட்டு முடிஞ்சுது, எந்திரிங்கன்னு கத்தினான். ஏன்னா உங்கப்பா விழுறதுல பேர் போன ஆளு. அம்பு பட்டு விழுறது, குதிரைலேர்ந்து விழுறது, குத்து வாங்கிப் படில உருளுறது. எரநூறு தடவையாவது செத்திருப்பாரு, நான் பாத்ததே அம்பது இருக்கும். அதனால நாங்க எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா பாத்துட்டு நின்னோம். ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம். நெஞ்சுன்னாங்க. வரும்போதே எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

தண்ணி குடிங்க. அக்கா, கொஞ்சம் வெந்நீர்.

உங்களுக்கு அவரு நடிக்கப் போறதே தெரியாதா? அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன்னா சொல்லி வச்சிருந்தாரு? இல்லம்மா, வெக்கப்பட்டுச் சொல்லாம இருந்திருக்க மாட்டாரு. வெக்கப்படுற ஆளு மாதிரி இல்ல. நீங்க பாத்துப் பயந்துடுவீங்கன்னு இருக்கும். தெனமும் சாகுற வேலைய மககிட்ட எப்படிச் சொல்றது. எனக்குத் தெரியாது, தோணினதச் சொல்றேன்.

ஆமா. முதல் கேள்வி. தானாக் கழட்டினாரா.

கழட்டினாரு.

இருங்க. உக்காருங்கம்மா. கம்பெனி பக்கம் பேசல நான். எழுதினது பொய் இல்ல, ஆனா முழுசும் எழுதல. கேமராவுல படணும்னு கழட்டினாருங்கிற மாதிரி எழுதியிருக்காங்கல்ல, அது கெடையாது. நான் ஆறடி தள்ளி நின்னேன்.

கூட்டத்துக்கு வர்றவங்க என்கிட்டப் பேச மாட்டாங்க. கழுத்துல அட்டை மாட்டியிருக்கிற யாருகிட்டயும் பேச மாட்டாங்க. அன்னிக்கு முதல் டேக்குக்கு முன்னாடி உங்கப்பா நேரா வந்தாரு, கையில பேப்பர் கப்புல காபி. வாத்தியாரே, நாங்க இதுல யாரு, எங்கேர்ந்து எங்க போறோம்னு கேட்டாரு. இருபத்தாறு வருஷத்துல ஒரு நடிகன், ஒரு பெரிய நடிகன் கூட, என்கிட்ட இதக் கேட்டதில்ல. குக் பின்னாலேர்ந்து, பாருடா, கதாநாயகனே கேக்கல, யோம் அண்ணனுக்கு வந்த கவலையப் பாருன்னு நக்கல் பண்ணினான். உங்கப்பா திரும்பி, செத்துச் செத்து அலுத்துப்போச்சுடா, இன்னிக்கு எதுக்குச் சாகுறோம்னாவது தெரிஞ்சுக்கிறேன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

இன்னிக்குச் சாகல, நடக்குறீங்க, அவ்வளவுதான்னு சொன்னேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். மண்டி போட்ட ராஜா, வடக்க போன ஜனம், வழில விட்டுட்டுப் போன பிள்ளைங்க, தப்பிச்சுத் திரும்பி வந்த பொம்பளைங்கள வீட்டுல சேத்துக்காதது. பாடம் எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சுல்ல, நிறுத்த முடியல. காபி ஆறிப்போச்சு அவரு கையில. முழுசாக் கேட்டாரு. அப்புறம், வெறுங்காலோடயான்னாரு. ஆமான்னேன். எழுதியிருக்கான்னாரு. எழுதியிருக்குன்னேன்.

போயி வரிசைல நின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு குக் வந்து, அறுபது தாண்டினவங்க எல்லாம் கடைசி வரிசைக்குப் போங்க, காலுறையோட நில்லுங்க, கால் தெரியாதுன்னு சொன்னான். சொன்னான்மா, அது உண்மை. நாலு பேரு போனாங்க. உங்கப்பா போகல. குனிஞ்சு காலுறைய உருவினாரு, மடிச்சு நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டாரு. என்ன அண்ணேன்னு குக் கேட்டதுக்கு, எழுதியிருக்காம்டா, வாத்தியார் படிச்சிருக்காரு, அந்த ஜனங்க வெறுங்காலோட போயிருக்கையில நாம பஞ்சு வச்சுட்டு நடந்தா நல்லாவா இருக்கும்னாரு. மூணாவது வரிசைல போய் நின்னாரு. நான் பாத்துட்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துச்சும்மா. துக்கத்துல இல்ல. இவ்வளவு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் நான் சொன்னத மதிச்சான்னு.

குக் இத லேபர் ஆபீஸ்ல சொல்ல மாட்டான். அவனுக்கு அடுத்த சீரியல் வேணும். நான் சொல்லுவேன்னு நம்பி வராதீங்க. நான் நல்லவன் இல்ல, அங்க போய் உக்காந்தா வாய் வேற மாதிரி பேசும். கம்பெனி வக்கீல் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. ரொம்ப மரியாதையாப் பேசுறாரு. நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம் பேராசிரியரே, ஆவணத்துல இருக்கிறதுதான்னு மட்டும் சொன்னாப் போதும், சரித்திரம் மேல யாரும் கேஸ் போட முடியாதுங்கிறாரு. அதனாலதான் வியாழக்கிழமைக்கு முன்னாடி வாங்கன்னு நான் சொன்னேன்.

பக்கம்தானே. இந்தாங்க. கிண்ணத்தக் கொஞ்சம் தள்ளி வைங்க, ஈரம் படாம. இது அந்தக் குமாஸ்தா கையெழுத்தோட நகலு. இந்த வரி. மேலேர்ந்து கீழ படிக்கணும், என் விரலப் பாருங்க. மொத்தம் பதினோரு சீன எழுத்து, ஒவ்வொண்ணும் ஒரு வார்த்தை. இன்று ஆற்றைக் கடந்தோம். காற்று கடுமை. விழுந்தவர் பலர். எழவில்லை.

அவ்வளவுதாம்மா. அடுத்த வரில அடுத்த நாளு வந்துடுது.

இல்ல, பின்பக்கம் ஒண்ணும் இல்ல. காலப் பத்தி ஒரு எழுத்து கிடையாது. செருப்பப் பத்திக் கிடையாது. இந்த நோட்டு முழுக்கத் தேடினாலும் கிடையாது, வேற எந்தப் புஸ்தகத்துலயும் நான் பாத்ததில்ல. வெறுங்காலோட நடந்திருக்கலாம். செருப்போட நடந்திருக்கலாம். தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் என்னைய வேலைக்கு வச்சிருந்தாங்க.

ஆமா. நான் சேத்தது.

கத்துங்க. பரவால்ல. அக்கா, ஒண்ணும் இல்ல, நீங்க உள்ள போங்க.

அந்த நகலுக்குப் பின்னால ஒரு தாள் குத்தி வச்சிருக்கேன் பாருங்க. இப்ப சொன்னத அப்படியே எழுதியிருக்கேன். குறிப்பு என்னோடது, ஆதாரம் இல்ல, யோம் துஷிக் கேட்டப்பவும் இருக்குன்னுதான் சொன்னேன். கீழ பேரு, தேதி, என் முத்திரை. காலைலயே குத்திட்டேன், இங்க வந்து மனசு மாறிடக் கூடாதுன்னு. எடுத்துட்டுப் போங்க. பழைய எழுத்துப் படிக்கத் தெரிஞ்ச யாருகிட்ட வேணாலும் அந்த வரியக் காட்டுங்க, இதேதான் சொல்லுவாங்க. நான் வியாழக்கிழமை மாத்திப் பேசினாலும் இந்தத் தாள் மாறாது.

பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. கோட்டப் போட்டுக்குங்க.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்குறீங்களா?

பெருசா ஒரு காரணம் இருந்தா நல்லா இருக்கும். இல்லம்மா. கதை பேச உக்காந்த அன்னிக்கு நான் பேசிட்டிருந்தேன், தலைமுடி, மூட்டைன்னு உண்மையானது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா. பாங் அம்மா போன்ல யாருக்கோ எழுதிட்டிருந்தாங்க. ம், ம்னு சொல்லிட்டே. தாக் ஜன்னல் பக்கம் பாத்துட்டிருந்தாரு. அப்பத்தான் செருப்பப் புடுங்கிட்டாங்கன்னு வாயில வந்துச்சு. சொல்லி முடிக்கல, அந்தம்மா போனக் கவுத்து வச்சுட்டு என் மொகத்தப் பாத்தாங்க.